கடுகளவு உறுப்பும் நம் கையால்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். விமானம், கப்பல், டாங்கி இவற்றை ஒட்டிச் சேர்க்கும் 'மாடல்' பெட்டிகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். 1950-களில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலையும், 1960-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் 'யமாட்டோ' போர்க்கப்பலையும் பிளாஸ்டிக் மாடலாகக் கொண்டுவந்தன. அன்று தொட்டு இன்றுவரை பிள்ளைகளும் பெரியவர்களும் இதில் மனத்தைப் பறிகொடுத்து வருகிறார்கள்.

"பெட்டியில இருக்கிறத ஒட்டினா போதாதா சார்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை நீளம் 11.23 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 15.6 சென்டிமீட்டர். இது அச்சில் அழகாக வந்துவிடும். ஆனால் விமானியைப் பிணைக்கும் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை? வெறும் 0.7 மில்லிமீட்டர்!

டாங்கியின் சக்கரத்துக்கு மேலே மண்காப்புத் தகடு இருக்கிறது. அது 3 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். 35-ஆல் வகுத்தால் 0.1 மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு மெல்லிய இடுக்கில் பிளாஸ்டிக் சரியாக ஓடாது. ஆகவே 1 மில்லிமீட்டர் கனத்தில் வார்க்கிறார்கள். அதை 35-ஆல் பெருக்குங்கள். மண்காப்புத் தகடு கவசத் தகடாகிவிடுகிறது!

அங்கேதான் நம் கைக்கு வேலை. குளிர்பான டின்னின் தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அதை வெட்டினால் மண்காப்பு தயார். (ஓரம் கையைக் கிழிக்கும், கவனம்!) பழைய மின்கம்பியை உரித்தால் உள்ளே மெல்லிய செம்புக் கம்பிகள். ஒன்றை வளைத்தால் கைப்பிடி. நாலைந்தை முறுக்கினால் இழுவை வடம். காகிதத்தை நறுக்கினால் இருக்கைப் பட்டை. உறுப்புகள் கோத்துவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே, தீப்பிடிக்காமல் உருட்டிக் காட்டுங்கள். இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் மயிரிழையாக நீளும். அதுதான் வானொலிக் கம்பி. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

இன்று இவையெல்லாம் பித்தளைத் தகடாகவும் அச்சிட்ட உறுப்பாகவும் விலைக்கே கிடைக்கின்றன. வாங்குவது தவறில்லை. ஆனால் சில வேளை மாடல் பெட்டியைவிட அவற்றுக்கு விலை அதிகம். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை, "நல்லது எல்லாம் கடையிலதான் இருக்கு, நமக்கு இல்ல" என்று ஒதுங்கிவிடக் கூடாது. அதுதான் என் கவலை. மேலும், வாங்கியவன் ஒட்டுகிறான், செய்பவனோ, "இந்தக் கீல் எந்தப் பக்கம் திறக்குது? இந்தக் கொக்கி எதைப் பிடிக்குது?" என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் செய்ய முடியாது. பொறியியலின் முதல் பாடமே அந்தக் கேள்விதான்.

பெற்றோர்களே, "இதுக்கு மார்க் வருமா?" என்று கேட்காதீர்கள். வகுத்தலும் அளத்தலும் பொறுமையும் அந்த மேசை மேல்தான் இருக்கின்றன.

மாணவர்களே, இதைப் படிக்கும் வாசகர்களே! இன்றே உங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியை அளந்து பாருங்கள். 14 சென்டிமீட்டர் இருந்தால், 35-இல் ஒரு பங்கு 4 மில்லிமீட்டர். அந்த 4 மில்லிமீட்டர் கைப்பிடியை ஒரு துண்டுக் கம்பியில் வளைத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.