கிணறு இல்லாதவருக்கும் ஓர் இருக்கை



1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கி நீர் பருகினார். அங்கே குளமும் தெரிந்தது, தடுத்தவரும் தெரிந்தார். நிலத்தடி நீரில் இரண்டும் தெரிவதில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, நிலத்துக்கு உரியவரே அதன் அடிநீரை எடுக்கலாம். நிலமற்ற நமக்குப் பங்கில்லை.

தூத்துக்குடிக் கடலோரத்தில் நன்னீரை அளவுமீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். மோட்டார் வைத்தவர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார். உப்பளத்திலிருந்து திரும்பும் பெண், உவர்ந்த அடிகுழாயில்தான் குடம் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 2003 நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. ஊர்தோறும் மக்கள் ஆலோசனைக் குழு கேட்போம். கிணற்றுக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்தால், எடுப்பவரே அனுமதியும் கொடுப்பார். குடம் சுமப்பவருக்கு அதில் இடமும் வாக்கும் வேண்டும். எடுத்த நீரின் கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.