என் ஆயிரம் ரூபாய் என்ன ஆச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பத்து வருஷம் குழுவில் ஊக்குநராக இருந்தேன். நம் குழுப் பெண்கள் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கியபோது, என்னை இயக்குநராகப் போட்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். ஐந்தொகை என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம்.

ஒருநாள் எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தர் என்னை வழியில் நிறுத்தினார். "ஏ தாயி, ஆடு வித்த காசில ஆயிரம் ரூபா குடுத்தேனே, அது என்ன ஆச்சு? வட்டியும் வரல, முதலும் வரல" என்றார். நான், "லாபம் வந்திருக்கு ஆச்சி, ஆடிட்டரே சொல்லிட்டார்" என்றேன். "லாபம் வந்தா துட்டு எங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மதுரையில் இயக்குநர்களுக்கான நாலு நாள் பயிற்சிக்குப் போனேன். நிதி மேலாண்மை, பங்குதாரருக்கு மதிப்பு உருவாக்குதல் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். பெரிய கம்பெனி அதிகாரிகள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கிற பாடமாம். முதல்நாள் பயந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். அங்கே படித்ததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில், நம்ம கம்பெனி எப்படிப்பட்டது? ஒய்.கே.அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புது வகையைக் கொண்டு வந்தார்கள். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே தொடங்கலாம். குறைந்தது 5 இயக்குநர்கள், அதிகபட்சம் 15 பேர். எங்களைப் போலத் தனிநபர்கள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். பங்குச் சந்தையில் இந்தப் பங்கை விற்க முடியாது. அதனால் "பங்கு விலை ஏறிடுச்சு" என்று டி.வி.யில் சொல்கிற சந்தோஷம் நமக்கு இல்லை. அப்படியென்றால் நமக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

பயிற்சியில் நாலு வழி சொன்னார்கள். ஒன்று, எடைபோடும் இடத்தில் கிடைக்கிற நியாயம். இரண்டு, விதை, உரம் மலிவாகக் கிடைப்பது. மூன்று, பங்குத்தொகைக்கு ஒரு வரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கிற பங்காதாயம். நாலு, வருஷக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து, யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிற போனஸ். பங்கு வாங்கிவிட்டு, விளைந்ததை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறவருக்கு முதல் வழியும் நாலாவது வழியும் கிடையாது.

சரி, லாபம் இருந்தும் துட்டு ஏன் இல்லை? எங்கள் கணக்கையே சொல்கிறேன். புரிவதற்காக முழு எண்ணாகச் சொல்கிறேன்.

தை மாசம் உறுப்பினர்களிடம் 100 குவிண்டால் உளுந்து வாங்கினோம். குவிண்டால் 7,000 ரூபாய். மொத்தம் 7 லட்சம். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 7,400க்கு விற்றோம். சாக்கு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை 15,000 போக, மிச்சம் 25,000. கைதட்டி மிட்டாய் கொடுத்தோம். ஆனால் வியாபாரி 15 நாளில் தருகிறேன் என்று சொன்னவர் மூன்று மாசம் இழுத்தார். நம்ம பெண்களுக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கமிஷன் கடைக்குப் போய்விடுவார்கள். அதற்காக 7 லட்சம் கடன் வாங்கியிருந்தோம். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. மூன்று மாசத்துக்கு 21,000. அப்படியானால் 25,000இல் மிஞ்சியது 4,000தான். 15 நாளில் பணம் வந்திருந்தால் வட்டி 3,500 மட்டுமே, 21,500 மிஞ்சியிருக்கும். விலை ஒன்று, சரக்கு ஒன்று. பணம் வந்த நாள்தான் வேறு. லாபத்தைத் தின்றது அந்த நாள் கணக்குதான்.

அந்த 4,000கூட முழுசாகக் கையில் இல்லை. 2,10,000 ரூபாயை அவர் பாக்கி வைத்துவிட்டார். கடனுக்குத் தவணை வந்ததும், பங்குப் பணத்தை எடுத்துக் கட்டினோம். ஏட்டில் லாபம், பெட்டியில் காற்று. ஆச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இதைப் பயிற்சியில் எழுந்து சொன்னேன். ஆசிரியர் அம்மா என்னைக் கோபிக்கவில்லை. "உங்க ஐந்தொகையை எடுங்க. 600 பேர் பணம் 6 லட்சம்னு பார்க்காதீங்க. ஆச்சியோட ஆயிரம் எங்கெங்க இருக்குன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். எலெக்ட்ரானிக் தராசு, ஈரப்பதம் பார்க்கிற கருவி, தார்ப்பாய் ஆகியவற்றில் 200. கிட்டங்கி முன்பணத்தில் 100. விதை, உரம் இருப்பில் 250. வியாபாரி பாக்கியில் 350. வங்கியில் 100. கூட்டினால் ஆயிரம். அப்போதுதான் ஐந்தொகை என்கிற பேய் எனக்கு மனுஷியாகத் தெரிந்தது.

அதோடு விடவில்லை. "தராசு இன்னைக்கு வாங்கின விலை பெறுமா?" என்று கேட்டார். பெறாது. தேய்மானம் கழித்தால் 200 என்பது 160. அப்படியென்றால் ஆச்சியின் ஆயிரம் இன்று 960. அந்த 350 வராமலே போனால் 610. இதைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மற்றவர் ஆடு விற்ற பணத்தை வைத்துக்கொண்டு, பாக்கிக்காரரிடம் "அண்ணாச்சி, மெதுவா தாங்க" என்று சிரித்துப் பேசியவள் நான்.

பொதுக்குழுவில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எங்கள் இயக்குநர்களுக்குள் சண்டை. "சொன்னா பயந்து எல்லாரும் பங்கைத் திருப்பிக் கேப்பாங்க. முதல் வருஷம் கொஞ்சம் பங்காதாயம் குடுத்து வாயை அடைப்போம்" என்றார்கள். இருக்கிற வங்கிப் பணம் 60,000. அதைப் பிரித்தால் ஆளுக்கு நூறு ரூபாய். அடுத்த புரட்டாசி விதைப்புக்கு விதை வாங்கக் காசிருக்காது. ஒருநாள் சந்தோஷத்துக்காக ஒரு பருவத்தை விற்க எனக்கு மனசு வரவில்லை.

பொதுக்குழுவில் ஒரு சார்ட் அட்டையில் ஆயிரம் ரூபாயை அஞ்சு கட்டமாக வரைந்து மாட்டினேன். பாக்கிக் கட்டத்துக்குச் சிவப்பு மை. "இந்த வருஷம் பங்காதாயம் கிடையாது. இந்தச் சிவப்புக் கட்டத்துக்கு நாங்கதான் பொறுப்பு" என்று சொன்னேன். சத்தம் வரத்தான் செய்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, மூன்று தீர்மானம் போட்டார்கள்.

வண்டி ஏறும்போதே பாதிப் பணம், மீதி 15 நாளுக்குள். முதல் லோடு பணம் முழுசாக வராமல் அதே ஆளுக்கு அடுத்த லோடு கிடையாது. மாசம் முதல் வாரம் கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, சரக்கு இருப்பு என நாலு வரியை அலுவலகச் சுவரில் எழுதிப் போட வேண்டும்.

அடுத்த வாரம் பத்துப் பெண்கள் வேன் பிடித்து அந்த வியாபாரி கடைக்குப் போய் உட்கார்ந்தோம். பொங்கலுக்கு முன்னால் ஒன்றரை லட்சம் வந்தது. பிறகு தவணையாக 40,000. இன்னும் 20,000 நிற்கிறது. அது சுவரில் சிவப்பு மையில் இருக்கிறது, வரும்வரை இருக்கும்.

தாய்மார்களே, இதில் எதுவும் நமக்குப் புதுசு இல்லை. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், முறையான திருப்பம், முறையான கணக்கு என்று பஞ்சசூத்திரம் படித்தவர்கள் நாம். குழுவில் ஒருத்தி தவணை தவறினால் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். கம்பெனி என்ற பெயர் வந்ததும் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டோம். திருப்பதிப் பக்கம் ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் 2014இல் தொடங்கியது. பால் ஊற்றுகிற பெண்கள்தான் அதன் பங்குதாரர்கள். இன்று லட்சம் பேருக்கு மேல். அவர்களும் நம்மைப் போல மாடும் வீடும் பார்க்கிற பெண்கள்தான்.

நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல தலைமுறையாகப் பாகும் கடலையும் பதம் தவறாமல் கைகள் செய்த வேலைக்குக் கிடைத்த பெயர் அது. நாணயமும் அப்படித்தான். ஐந்தொகையில் அதற்குக் கட்டம் இல்லை. போய்விட்டால் எல்லாக் கட்டமும் காலி.

கடைசியாக ஆச்சி கதை. பொதுக்குழு முடிந்ததும் என்னிடம் வந்தார். அந்த வருஷம் எங்களிடம் மூன்று குவிண்டால் உளுந்து போட்டிருந்தார். முன்பு அவர் போட்ட இடத்தில் குவிண்டாலுக்கு இரண்டு கிலோ கழிவு பிடிப்பார்களாம். எங்கள் தராசில் கழிவு இல்லை. "ஆறு கிலோ மிச்சம். கிலோ 70ன்னா 420 ரூவா. அப்ப என் ஆயிரம் சும்மா கிடக்கலன்னு சொல்லு" என்றார். நாலு நாள் படித்து வந்த எனக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை. ஆச்சி விரலை மடக்கிச் சொல்லிவிட்டார்.

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் விடவில்லை. "அது சரி தாயி, தராசுல 40 ரூவா தேஞ்சிருச்சுன்னியே, புதுத் தராசு வாங்க அதை எங்க எடுத்து வச்சிருக்க?" என்று கேட்டார்.

எடுத்து வைக்கவில்லை. இந்த வருஷம் முதல் வைக்கிறோம்.

உங்கள் ஊர்க் கம்பெனியிலும், கூட்டமைப்பிலும், குழுவிலும் இந்த ஆச்சி மாதிரிக் கேளுங்கள். கேள்வி கேட்கிறவரைக் கோபிக்காதீர்கள். நான் அடுத்த பொதுக்குழுவுக்குச் சார்ட் அட்டை வாங்கி வைத்துவிட்டேன். அதில் சிவப்பு மை குறைய வேண்டும் என்பதுதான் என் ஆசை.