பெரட்டும் அணிவகுப்பும்: போருக்குப் பின் நாடு கட்டுதல் குறித்த படைவீரர் பார்வை



போர் முடிந்தபின் ஒரு நாட்டை மீண்டும் கட்டியெழுப்புவது எப்படி என்னும் கேள்விக்குத் தளபதிகளும் அமைச்சர்களும் எழுதிய விடைகள் ஏராளம். இன்று நாம் அவர்களிடம் செல்லவில்லை. மலாயாத் தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்து, 1943ஆம் ஆண்டில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, 1945இல் போர் முடிந்ததும் மீண்டும் அதே தோட்டத்துக்கு வந்த தமிழ்ப் படைவீரனிடம் செல்கிறோம். அவன் நூல் எழுதவில்லை. ஆனால் திரும்பி வந்தபின் அவனும் அவன் போன்றோரும் செய்த செயல்களைக் கொண்டு அவன் பார்வையை நாம் ஓரளவு அறியலாம்.

தொடங்குவதற்கு மலாக்காவே பொருத்தமான இடம். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் டான் சாய் யான். அவர் 1896இல் நட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அடுத்து அவர் பெருந்தோட்டம் அமைத்த இடம் புக்கிட் அசகான். அந்த மரங்கள் வளர வளர, அவற்றைச் சீவுவதற்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, ஓராசிரியர் பள்ளிகளும் எழுந்தன.

தோட்டத்தில் பொழுது விடிவது பெரட்டில். விடியுமுன் தொழிலாளர் களத்தில் வரிசையாக நிற்பர். கிராணி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கங்காணி வேலையைப் பிரித்துக் கொடுப்பார். பெரட்டு என்னும் சொல், படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மரூஉ என்பர். நம் பேச்சின் மையம் இச்சொல்லே. பின்னாளில் நம் தொழிலாளி மற்றோர் அணிவகுப்பிலும் நிற்கப் போகிறான்.

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பர் வாங்கிய மேலைநாட்டுச் சந்தைகள் அறுபட்டதால் தோட்டங்கள் முடங்கின. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தன. அதனினும் பெரிய துன்பம் சயாமிலிருந்து வந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தனர். வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களினும் பன்மடங்கினர். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவின் இந்தியர் தொகை ஆறு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1947இல் அது ஆறு லட்சத்துக்கும் சற்றுக் குறைந்தது. பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் பெருகாமல் சுருங்கியதற்குப் பொருளாதார மந்தக் காலத்தில் பலர் தாயகம் திரும்பியதும் ஒரு காரணம். போர் மற்றொரு பெருங்காரணம்.

ஆட்களோடு மலாக்காவின் இரும்பும் போயிற்று. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் திறக்கப்பட்ட கிளை ரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் பாதைக்காகக் கொண்டுபோயினர்.

இந்தச் சூழலில்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனைவரும் விடுதலை வேட்கை ஒன்றினாலேயே சேர்ந்தனர் என்பது முழு உண்மை அன்று. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போக வேண்டியதில்லை என்பதும் பலரை உந்தியது. அண்ணன் ரயில் பாதைக்கும் தம்பி படைக்கும் போவது அந்நாளில் இயலக்கூடியதாகவே இருந்தது. அந்தப் பாதையை அமைத்தவர்களே இந்தப் படையின் நேச சக்தி. இந்த முரண்பாட்டைச் சுமந்துகொண்டுதான் நம் படைவீரன் சீருடை அணிந்தான். அதைச் சொல்வதால் அவன் பெருமை குறையாது. சொல்லாவிட்டால் சயாமில் மாண்டவர்க்கு நாம் தவறிழைத்தவராவோம்.

ஆயினும் அந்த அணிவகுப்பு அவனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. பெரட்டில் தலை குனிந்து நின்றவன் இங்கே நிமிர்ந்து நின்றான். சாதி பார்க்காமல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டான். பெண்கள் துப்பாக்கி ஏந்தியதைக் கண்டான். தன் பெயரைக் கூப்பிடுபவர் தன்னைத் தோழனாக மதிப்பதையும் முதன்முறையாக உணர்ந்தான்.

1945இல் போர் முடிந்தது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்தது. வாழைமர நோட்டுகள் செல்லாக் காசாயின. லயங்களில் கைம்பெண்களும் தாய் தந்தையற்ற சிறுவரும் மிகுந்திருந்தனர். தோட்ட நிர்வாகங்களைப் பொறுத்தவரை மறுகட்டுமானம் என்பது லாலான் புல்லை வெட்டி, மரங்களைச் சீவி, ரப்பரை மீண்டும் கப்பலேற்றுவது. பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. மலாயா ரப்பர் அதை ஈட்டித் தந்தது. எனவே பழைய பெரட்டு பழையபடியே தொடங்கியது. படையில் நிமிர்ந்து நின்றவன் மீண்டும் அதே களத்தில், அதே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

கட்டடம் இடிந்தால் இருந்தபடியே எழுப்பலாம். சமுதாயத்தை அவ்வாறு எழுப்பினால், அதை வீழ்த்திய குறைகளும் உடன் எழும். படையிலிருந்து வந்தவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவதையே மறுகட்டுமானம் என ஏற்க மறுத்தனர். இதுவே நாம் அவர்களிடம் காணும் முதன்மையான கருத்து. ஆனால் மறுத்தவர்கள் ஒரே வழியில் செல்லவில்லை.

ஜான் திவி தற்காலிக அரசில் பணியாற்றி, போருக்குப் பின் சிறைப்பட்டு விடுதலையானவர். 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். பின்னர் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். ராணிப் படையில் துணைத் தளபதியாக விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன் அக்கட்சியின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். சமூகநலப் பணியில் ஈடுபட்டு, பின்னாளில் மேலவை உறுப்பினருமானார்.

கெடாத் தோட்டங்களில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படை எழுந்தது. அதன் அணிவகுப்பு முறையில் தேசிய ராணுவத்தின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. அவ்விளைஞர் ஆயுதம் ஏந்தவில்லை. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். தோட்டத்திலேயே கள்ளு விற்று, கொடுத்த கூலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் உடைக்க முயன்றனர். காவல் துறையினருடன் மோதல் மூண்டது, உயிர்களும் போயின.

எஸ். ஏ. கணபதி தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக அவர் 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார்.

இராசம்மா பூபாலன் பதின்ம வயதில் ராணிப் படையில் சேர்ந்து பர்மா சென்றவர். திரும்பியபின் கல்வி கற்று ஆசிரியரானார். 1960இல் பெண்ணாசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். அன்று ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்தினாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. சம ஊதியம் கேட்டுப் போராடியவர்களின் முன்னணியில் அவர் நின்றார். இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகள் அந்தப் போராட்டத்தின் பயனைப் பெறுபவர்கள்.

தூதுப் பணி, நலப்பணி, மறியல் களம், தூக்குமேடை, வகுப்பறை என ஒரே படையின் வழிகள் இத்தனை. இவற்றுள் எது சரி என்று தீர்ப்பு வழங்க நாம் வரவில்லை. பழைய பெரட்டை ஏற்க முடியாது என்ற ஒரே மறுப்பு அவற்றின் வேராக இருந்தது என்பதைச் சுட்டுவதே நம் நோக்கம்.

இனி மற்றொரு கேள்வி. அவர்கள் கட்ட வேண்டிய நாடு எது? அவர்கள் உறுதிமொழி எடுத்தது இந்தியாவின் பெயரால். அவர்களுள் பலர் அந்நாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. ஆனால் வீரன் வாழ்ந்தது மலாயாவில். அவன் உடன்பிறந்தோர் சயாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் மலாயாவிலிருந்தே. இந்த மண்ணைத் தன் நாடாக ஏற்பது அவனுக்கு இரண்டாவது உறுதிமொழி. 1956 பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை அறிவித்த இடம் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடல். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது.

ஆனால் நாட்டை மனத்தால் ஏற்றால் போதாது. அதன் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். தோட்டப்புறத் தமிழர் பலர், அறியாமையாலும் பிறப்புச் சான்று இன்மையாலும், குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, வாழ்நாளெல்லாம் பால் எடுத்தவர் பலர் திடீரென அயலார் ஆயினர். பெரட்டுப் பதிவேட்டில் நாள் தவறாமல் இருந்த பெயர் நாட்டின் பதிவேட்டில் இல்லை. மறுகட்டுமானத்தில் விடுபட்ட முதல் வேலை இது.

விடுபட்ட இரண்டாவது வேலை மாண்டோர் பெயர்கள். காஞ்சனபுரியிலும் தன்பியூசாயட்டிலும் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குச் சீரான கல்லறைத் தோட்டங்கள் உண்டு. பெயர் தெரிந்தோர் கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறான கல்லறை வரிசை இல்லை. அண்மையில் காஞ்சனபுரியில், பாதையில் மாண்ட தமிழர்க்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்துச் சொல்கிறது. வாளேந்தாத கூலிக்கும் அச்சிறப்பு உரியது என்று அந்தக் கல் சொல்கிறது. எனினும் கல் ஒன்று. அதில் பொறிக்க வேண்டிய பெயர்கள் பல்லாயிரம்.

போருக்குப் பின் கிழக்குக் கரை ரயில் பாதையை மீண்டும் அமைத்தனர். தம்பின்–மலாக்கா பாதையை அமைக்கவில்லை. இன்றும் மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருவோர் பூலாவ் செபாங்கில் இறங்கித்தான் வரவேண்டும். இரும்பு போனதை நாம் அறிவோம். ஒவ்வொரு பயணத்திலும் அந்த இழப்பை உணர்கிறோம். இரும்போடு போன மனிதர்களை அவ்வாறு உணர்வதற்கு நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களே, பல தோட்டங்களில் பெரட்டு ஓய்ந்துவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. ஆனால் நாள்தோறும் பெயர் கூப்பிடும் இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. அது உங்கள் வகுப்பறை. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைகளுள் யாருடைய பூட்டனாரோ சயாமில் மாண்டிருப்பார். யாருடைய பூட்டியாரோ ராணிப் படையில் நின்றிருப்பார்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டம் அன்று. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து மூன்று செய்திகளைக் கேட்டு எழுதட்டும்: குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயர், போர்க்காலத்தில் திரும்பி வராதவரின் பெயர், திரும்பி வந்தவர் பின்னர் செய்த பணி. தெரியாத இடத்தில் கற்பனை வேண்டா. இடத்தை வெறுமையாக விட்டுவிடட்டும். அந்த ஏடுகளைப் பள்ளி நூலகத்தில் பாதுகாப்போம். போரை நேரில் கண்டோர் இன்று மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டு அறிந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் காலம் இது. இதுவும் கடந்தால் கேட்பதற்கு யாரும் இரார்.

படைமுகாமில் பெயர் கூப்பிடும்போது விடை வராவிட்டால் அந்த வீரனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது முறை. போர் முடிந்து எண்பது ஆண்டுகளாகியும், சயாமில் மாண்ட தமிழர் பெரும்பாலோரைப் பற்றி அந்தக் கேள்வியை நாம் கேட்டு முடிக்கவில்லை. அதைக் கேட்கும் பொறுப்பு இப்போது பள்ளிகளிடம் வந்திருக்கிறது.