வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன், உரம், விதை, பால் விலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடும் இச்சபையில், ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் சிறு குழந்தைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் இந்நாட்டில் கூட்டுறவு இயக்கம் தோன்றிய வரலாற்றை நினைத்துப் பார்த்தால், இவ்விரண்டுக்குமுள்ள சம்பந்தம் தானே விளங்கும்.

சென்னை மாகாணத்துக் குடியானவர்களுக்குக் கடன் வசதி செய்து கொடுப்பதைப் பற்றி விசாரித்து, பிரெடரிக் நிக்கல்ஸன் துரை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை வெளியிட்டார். அதன் பின்னர் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் அவ்வாண்டிலேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. அக்காலத்துக் குடியானவன் கடனில் மூழ்கியதற்கு மழை பொய்த்தது ஒரு காரணம். வட்டி மற்றொரு காரணம். லேவாதேவிக்காரர் தம் ஏட்டில் எழுதியது இன்னதென்று தெரியாமல் கைநாட்டு வைத்தது மூன்றாவது காரணம். மழை நம் வசத்தில் இல்லை. வட்டியைச் சங்கம் குறைத்துக் கொடுத்தது. மூன்றாவதை நீக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள் 1844-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடை திறந்து, சில ஆண்டுகளுக்குள்ளாகவே இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். கடைக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கவில்லை.

நம் நாட்டில் இப்பொழுது பள்ளிக்குக் குறைவில்லை. 1956-ஆம் ஆண்டில் மதிய உணவும், 1982-ஆம் ஆண்டில் சத்துணவும், 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் வந்தன. குழந்தையின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. குழந்தையும் வகுப்பில் இருக்கிறது. வாசிக்க வருகிறதா என்பதே கேள்வி.

கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைச் சோதித்து, ‘ஏஸர்’ என்னும் அறிக்கை 2005-ஆம் ஆண்டு முதல் வெளியாகி வருகிறது. அதன்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புத் தரமுள்ள ஒரு சிறு பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். 2022-இல் சுமார் ஐந்து பேர். தொற்று நோயினால் 2020 மார்ச் மாதத்தில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மறுபடியும் திறந்தன என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது. 2024-இல் நிலைமை சீர்பட்டு, முன்னிருந்த அளவை எட்டிற்று. எட்டிய பின்னும் அது போதிய அளவன்று.

இக்குறை வெளியில் எளிதில் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள பெரிய அபாயம். வகுப்பில் குழந்தை மற்றவர்களோடு சேர்ந்து உரக்கச் சொல்கிறது. வீட்டில் ‘க, ங, ச’ வரிசையை ராகத்தோடு ஒப்பிக்கிறது. தாய் தந்தையர் மகிழ்கிறார்கள். நடுவிலுள்ள ‘த’ ஒன்றை மாத்திரம் விரலால் சுட்டிக் காட்டி, “இது என்ன எழுத்து?” என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் ‘க’விலிருந்து தொடங்கி ஒப்பித்துக்கொண்டு வந்துதான் ‘த’வைச் சொல்லும். அதற்கு வரிசை தெரியும், எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பாடப் புத்தகம், குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே நடக்கிறது. அங்கே பின்தங்கிய குழந்தை சத்தமில்லாமல் பின்தங்கியே போகிறது.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் ஜூன் மாதம் பிறந்ததும் நம் சங்கத்திலேயே நகையை ஈடு வைத்துக் கட்டணம் கட்டித் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சிலர் ஆறு வயதுக் குழந்தைக்கு டியூஷன் வைக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆயினும் அந்த வயதில் குழந்தைக்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதி, நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டிலேயே கிடைக்கக் கூடியது என்பதும், அதற்கு நகையை மீட்கும் கவலை வேண்டியதில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அரைமணி நேரம் என்று நான் சொல்வது வீட்டுப்பாடத்தையன்று. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் வீட்டுப்பாடம் கொடுக்கலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. பள்ளியில் எழுதியதையே வீட்டில் பத்துத் தடவை எழுதச் செய்வதால் விரல் நோகுமேயன்றி வேறு பலனில்லை. வீட்டில் நடக்க வேண்டியது வேறு.

முதலாவது பேச்சு. “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால் குழந்தை, “ஒன்றுமில்லை” என்று சொல்லி ஓடிவிடும். “மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? அவள் என்ன சொன்னாள்? அதற்கு நீ என்ன சொன்னாய்?” என்று கேளுங்கள். அது முன்னும் பின்னுமாகச் சொல்லும். இடையில் மறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்து, “அதற்கு அப்புறம்?” என்று மாத்திரம் தூண்டினால், நாளடைவில் ஒரு விஷயத்தை முறையாக, முதலிலிருந்து கடைசி வரையில் சொல்லும் வன்மை உண்டாகும். வாயால் கோவையாகச் சொல்லத் தெரியாத குழந்தை எழுத்தாலும் சொல்ல இயலாது. வீட்டில் ‘வந்துச்சு’ என்று பேசும் குழந்தை புத்தகத்தில் ‘வந்தது’ என்று காண்கிறது. அதன் பேச்சைப் பரிகாசம் செய்தால் இரண்டையும் விட்டு மௌனமாகிவிடும். தன் பேச்சில் அது சொல்லட்டும்; புத்தகத்தில் உள்ளபடி வாசிக்கட்டும்.

இரண்டாவது எழுத்து. தமிழில் எழுத்துக்கள் 247 என்று கேட்டுச் சிலர் மலைக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216-உம் இவற்றின் சேர்க்கையே. ஆகையால் குழந்தையின் சொந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள். பின் தாயின் பெயர், ஊர்ப் பெயர், மாட்டின் பெயர். முறத்தில் பரப்பிய மணலில் விரலால் எழுதினால் போதும். நோட்டுப் புத்தகம் பிறகு வரலாம். எழுத்துக்கள் அறிமுகமான பின், வீட்டிலுள்ள அச்செழுத்தெல்லாம் பாடமே: உர மூட்டை, தீப்பெட்டி, பஸ்ஸின் நெற்றியிலுள்ள ஊர்ப் பெயர், நியாய விலைக் கடைப் பலகை. குழந்தைகள் அதிகமாக இடறும் இடம் ஒன்றுண்டு. ‘கொடி’ என்று வாய் சொல்லும்போது ஒலி ஒன்றாகவே வருகிறது. எழுத்திலோ கொம்பு முன்னும், கால் பின்னும், ‘க’ நடுவிலுமாக இருக்கின்றன. கண் இடமிருந்து வலமாகச் செல்லும்போது முதலில் கொம்பைக் கண்டு குழந்தை திகைத்து நிற்கும். அப்போது அதட்டாமல், கொம்பையும் காலையும் விரலால் மறைத்து ‘க’வை மாத்திரம் காட்டி, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள்.

மணலில் எழுதுவதைப் பழைய வழக்கமென்று இகழ வேண்டாம். 1789-ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய டாக்டர் ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறிய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். அங்கே அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு வழங்கிற்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. “எனக்கே எழுத்துத் தெரியாதே, நான் எவ்வாறு சொல்லிக் கொடுப்பேன்?” என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அக்காள் வாசித்துக் காட்டலாம். தம்பி கேட்டுத் திருப்பி வாசிக்கலாம். தாய் அருகில் அமர்ந்து கேட்டால் போதும். “படம் எதைப் பற்றியது? அந்த நரி ஏன் அவ்விதம் செய்தது?” என்று கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. எழுத்தறியாத தாய்க்குக் குழந்தை வாசித்துச் சொல்லுமாயின், அக்குழந்தைக்கு அதைவிடப் பெரிய உற்சாகம் கிடையாது. ஆனால் ஒன்று: அக்காளே எல்லாப் பாரத்தையும் சுமக்கலாகாது. தம்பி புத்தகத்தோடு உட்கார, அவள் மாத்திரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த அரைமணி நேரம் வீட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். பாத்திரத்தைத் தம்பியும் துலக்கலாம்.

மூன்றாவது கணக்கு. இதில் கிராமத்து வீட்டுக்கு நிகரான பள்ளி இல்லை என்பேன். வாசலில் போடும் கோலத்தைப் பாருங்கள். ஏழு புள்ளியில் தொடங்கி, இருபுறமும் இடைப்புள்ளியாக நான்கு வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, ஒரு புறம் 6, 5, 4 சேர்ந்து 15, மறுபுறம் 15, ஆக 37. இதைத் தரையில் வைத்து எண்ணிப் பார்த்த பெண் குழந்தைக்குக் கூட்டல் கசக்காது. பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு ஐந்து முத்து வீதம் 70. வாய்ப்பாட்டை ஒப்பிக்காமலே ஐந்தாம் வாய்ப்பாடு கைக்கு வந்துவிடுகிறது.

எண்களை எழுதுவதில் ஒரு பிழை எங்கும் காணப்படுகிறது. ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் குழந்தை 1005 என்று எழுதும். காது கேட்டபடி நூறையும் எழுதி ஐந்தையும் எழுதிவிட்டது. அதில் அதன் புத்திக்குக் குறைவில்லை. தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டுக்களைச் சேர்த்துப் பெருங்கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். பெருங்கட்டு ஒன்று, சிறு கட்டு இல்லை, உதிரி ஐந்து என்று கையால் வைத்துப் பார்த்த பிறகு, 105-இல் நடுவிலுள்ள சூன்யம் எதற்காக நிற்கிறதென்று தானே தெரிந்துகொள்ளும். ஒரு வாரம் இதைச் செய்வது, ஒரு மாதம் சிலேட்டில் எழுதுவதற்கு ஈடாகும்.

பின்னங்களுக்குப் பரணில் கிடக்கும் பழைய அளவைகளை இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. கிணற்றடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அளந்து விளையாடும் குழந்தை, பாதியில் பாதி கால் என்பதையும், காலில் பாதி அரைக்கால் என்பதையும் பார்த்தே தெரிந்துகொள்கிறது. பால் ஊற்றும் அங்கத்தினர் வீட்டில் பால் அட்டை இருக்கிறது. காலையில் 3 லிட்டர், மாலையில் 2 லிட்டர் என்றால் அன்றைக்கு எவ்வளவு, பத்து நாளுக்கு எவ்வளவு என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் அரை லிட்டரையும் சேர்த்துக் கேட்கலாம். அது தவறாகச் சொன்னால், உடனே திருத்தாமல், “எப்படிக் கணக்கிட்டாய்?” என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

அடிக்கலாகாது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியைக் கையில் கொடுத்து, “இதில் பாடம் இருக்கிறது, பார்” என்று சொல்லிவிட்டுப் போவதும் இவ்வரைமணியில் சேராது. கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அறுவடைக் காலத்தில் நேரமே இராது. அந்நாட்களில் வரப்பின் மேல் நடக்கும்போது பேசலாம், கட்டுக்களை எண்ணலாம். ஒரு நாள் மூன்று மணி நேரம் இழுத்து உட்கார வைப்பதைவிட, தினம் இருபது நிமிஷமாவது விடாமல் செய்வதே நல்லது.

இனிச் சங்கம் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் ஏற்பாட்டில், அந்தந்த ஊரைச் சேர்ந்த தொண்டர்கள் மாலை வேளையில் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். ஊரிலுள்ளவர்களைக் கொண்டே இக்காரியம் நடக்குமென்பதை அது காட்டிற்று. நம் சங்கக் கட்டிடத்தின் திண்ணை மாலை ஆறு மணிக்கு மேல் காலியாகவே கிடக்கிறது, விளக்கும் இருக்கிறது. ஓர் அலமாரியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதைப் புத்தகங்கள் ஐம்பது இருந்தால், வாரம் ஒன்றாக வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கிழிந்தால் அபராதம் விதிக்க வேண்டாம். கிழிந்த புத்தகம் வாசித்த புத்தகம். இதற்கான சிறு தொகையைப் பொதுநல நிதியிலிருந்து விதிகளுக்கு உட்பட்டுச் செலவிட இயலுமா என்பதை நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு புறம் அச்சாகிப் பயனற்றுப்போன படிவத் தாள்களையும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அங்கத்தினர் கணக்கு எழுதிய தாள் மாத்திரம் வெளியே போகலாகாது.

இன்னும் ஒன்று. பாஸ் புத்தகத்தில் பதிந்து வாங்க வரும்போது, மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் கூட அழைத்து வாருங்கள். வரவு எது, பற்று எது, மீதி எவ்வளவு என்று அது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அதற்கு இரண்டு நிமிஷம் அதிகமாகும். செயலாளர் சற்றுப் பொறுத்துக்கொள்வாராக. உரம் வந்து இறங்கி, வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் நாளாகப் பார்த்து மாத்திரம் வராதீர்கள்.