வீட்டுப் பட்டறையில் பிறந்த விமானங்கள்

(பெருமுக்கல் வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

'அறிவியலும் நம் பிள்ளைகளும்' என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்கு அளித்துள்ளனர். அது மிகப் பரந்த தலைப்பு. அதனுள் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரிய தொழிற்சாலையின் துணையின்றி, வீட்டுக் கொட்டகையிலும் சிறு பட்டறையிலும் தனி மனிதர்கள் தாமே செய்து பறக்கவிட்ட சிறு விமானங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உப்பளத்து ஊருக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். வெள்ளி விழா நிதியைக் கொண்டு நினைவு மண்டபம் எழுப்புவதா, வேறு பணி செய்வதா என்று நம் பொதுக்குழு முடிவு செய்யவிருக்கிறது. என் பேச்சு அந்த முடிவைப் பற்றியதே என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் மாநிலத்துச் செய்தி ஒன்று. 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு நாட்டவரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அச்செய்தி, சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அவர் படித்த பொறியாளர் அல்லர். இனிப்புப் பண்டங்கள் செய்து விற்றுப் பிறகு விடுதி நடத்தியவர். தாமே வகுத்த அமைப்பைக் கொண்டு, குதிரை வண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்ப்சன் பட்டறையில் ஈரடுக்கு இறக்கை விமானம் ஒன்றைச் செய்வித்தார். அதில் சிறியதோர் எஞ்சினைப் பொருத்திப் பல்லாவரத்தில் சோதித்தார். 1910 மார்ச்சில் அந்த விமானம் பறந்தது. பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். இந்திய மண்ணில் பறந்த முதல் விமானம் இதுவே என்று சென்னை வரலாற்றை எழுதியோர் கருதுகின்றனர். அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்பவர் அஞ்சல் பைகளுடன் பறந்து உலகப் புகழ் பெற்றது 1911 பிப்ரவரி 18-இல்தான்.

அதே சென்னையில், அதே ஆண்டுகளில், இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழை நடத்திவந்தார். 1907-இல் தொடங்கிய அவ்விதழ், எழுத்தும் அறிவும் நம் மக்களுக்கும் உரியவை என்று வாரந்தோறும் வாதாடிற்று. ஒரு தெருவில் விமானம் உருவாகிறது. பக்கத்துத் தெருவில் எழுத்துக்கான உரிமைப் போர் நடக்கிறது. வரலாறு தாஞ்செலிசின் பெயரைச் சொல்கிறது. மரத்தை இழைத்துச் சட்டம் பூட்டிய தொழிலாளர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. கை ஒரு பக்கமும் ஏடு ஒரு பக்கமும் நின்ற நாட்டில் இது வியப்பன்று. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கும் ஏற்பாடு அன்று, வேலை செய்வோரையே பிரித்துவைக்கும் ஏற்பாடு என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார்.

அந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு ரைட் சகோதரர்கள் சான்று. வில்பர், ஓர்வில் ஆகிய இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். இருவருமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் நூல்களை விடாது கற்றனர். கற்றதை அப்படியே நம்பிவிடவும் இல்லை. அச்சான அட்டவணைகளின்படி செய்த இறக்கை எதிர்பார்த்த அளவு தூக்காதபோது, 1901-இல் ஒரு மரப்பெட்டியில் காற்றைச் செலுத்தி, சிறு சிறு இறக்கை மாதிரிகளை வைத்துத் தாமே அளந்தனர். அவர்கள் கடைத் தொழிலாளி சார்லஸ் டெய்லர் 12 குதிரைத்திறன் எஞ்சினைக் கடையிலேயே செய்து தந்தார். இடைவிடாத காற்றும் மணல் வெளியும் வேண்டுமென்று, நம் மரக்காணம் போன்றதொரு கடற்கரையை நாடிக் கிட்டி ஹாக் சென்றனர். 1903 டிசம்பர் 17 அன்று முதல் பறப்பு 12 நொடிகள், 120 அடி. அன்றைய நான்காம் பறப்பு 59 நொடிகள், 852 அடி. அதன்பின் பெருங்காற்று வந்து அவ்விமானத்தைப் புரட்டிப் போட்டது. ஆயினும் உலகம் மாறிவிட்டது.

தாமே செய்த விமானத்தில் முதன்முறை பறப்பது எத்தகைய அனுபவம்? அது திடீரெனத் துணிந்து தாவும் செயல் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது பல நாள் பொறுமையின் முடிவு. முதலில் சக்கரங்களைத் தராசில் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். எடையின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அப்புள்ளி அளவுக்கு மேல் பின்னே சென்றால் விமானம் கைக்கு அடங்காது. பிறகு கயிற்றால் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டுகிறார்கள். அடுத்து ஓடுபாதையில் மெதுவாகவும் பின் வேகமாகவும் உருட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஏட்டில் குறித்துவைக்கிறார்கள். காற்று அடங்கிய காலை வேளையில், ஒருவர் மட்டும் ஏறி, ஓடுதளத்தைவிட்டு அகலாமல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறார். அமெரிக்காவில் இத்தகைய விமானம் குறிப்பிட்ட எல்லைக்குள், பயணிகள் எவருமின்றி, வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் பறந்து தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும்.

தரையை ஒட்டிப் பறக்கையில் விமானம் பஞ்சுபோல் மிதக்கும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற நம் கழுவெளியில், கூழைக்கடா நீரைத் தொட்டும் தொடாமலும் இறக்கையசைக்காமல் நெடுந்தூரம் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே விதிதான். இறக்கைக்கும் பரப்புக்கும் இடைவெளி குறைந்திருக்கும்போது காற்றின் இழுப்புத் தடை குறைகிறது. புதியவர் அந்த மிதப்பை நம்பிப் போதிய வேகமின்றி மேலே இழுத்தால் விமானம் மறுபடியும் அமிழும். எழும்பியவுடன் எஞ்சின் நின்றுபோனால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்னும் ஆசை எழும். அவ்வாறு தாழ்வாகத் திரும்ப முயன்று மாண்டோர் பலர். நேரே முன்னால் தெரியும் வெளியில் இறங்குக என்பது பழகியோர் கூறும் அறிவுரை.

அளவை மறந்த ஆர்வம் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு நாட்டின் ஆன்றி மிஞே 1930-களில் 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' என்று பெயர்பெற்ற மலிவான சிறு விமானத்தை வகுத்து, அதைச் செய்யும் முறையை நூலாக வெளியிட்டார். பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவரும் விமானம் செய்யலாம் என்னும் நம்பிக்கை பரவிற்று. பலர் செய்தனர்; பலர் பறந்தனர்; சிலர் விழுந்து மாண்டனர். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது குறை தெரிந்தது: மூக்கு ஓர் அளவுக்குமேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றையொன்று பாதித்து, விமானத்தை நிமிர்த்த முடியாமற் போயிற்று. 1936-இல் பறப்பதற்குத் தடை வந்தது. கை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டுமோ?

இனி நம் நெஞ்சுக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜான் ராபின்சன், கொர்னீலியஸ் காஃபி என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் செய்தனர். கர்ட்டிஸ்-ரைட் விமானப் பள்ளி நிறவேற்றுமை காரணமாக அவர்களைச் சேர்க்க மறுத்தது. ராபின்சன் அப்பள்ளியிலேயே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, தரையைத் துடைத்துக்கொண்டே பாடங்களைக் கேட்டார். கேட்டதைத் தம் நண்பர் குழுவுக்குச் சொன்னார். அக்குழுவினர் ஹீத் பாரசால் என்னும் ஒற்றை இருக்கை விமானத்தின் பாகங்களை வாங்கிப் பொருத்தி, மோட்டார் சைக்கிள் எஞ்சினை அதில் அமைத்தனர். பள்ளி ஆசிரியர் ஒருவரே வந்து அதைச் சோதித்துப் பறந்து பார்த்தார் என்று ராபின்சனின் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். பின்னர்ப் பள்ளியின் கதவு திறந்தது. 1931-இல் இருவரும் தேர்ச்சி பெற்றனர். ராபின்சன் 1935-இல் எத்தியோப்பியா சென்று அந்நாட்டு விமானப் படைக்குத் தலைமை தாங்கினார். காஃபியும் வில்லா பிரவுன் என்னும் பெண்மணியும் சேர்ந்து விமானப் பள்ளி நடத்தி, நூற்றுக்கணக்கான கறுப்பின இளைஞர்களைப் பயிற்றுவித்தனர். விண்ணப்பம் செய்ய முடியாத வேலையை அந்தச் சிறு விமானம் செய்தது. தகுதியில்லை என்று சொன்னவர்களின் கண்முன் அது பறந்தது.

நம் அண்டை மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் அற்றவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர்த் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்டு ஆர்வங்கொண்டு, பல ஆண்டு முயன்று இரு இருக்கைச் சிறு விமானம் ஒன்றைத் தாமே செய்தார். 2014-இல் நம் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதை ஆராய்ந்து பறக்கச் செய்தார். மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டினார். 2016-இல் அது கண்காட்சியில் வைக்கப்பெற்றது. 2017-இல்தான் பதிவுச் சான்று கிடைத்தது. செய்து முடித்தவரும் சட்டத்தையும் விதிகளையும் படித்தே தீர வேண்டும் என்பதை அவர் கதை உணர்த்துகிறது.

பெரியோர்களே, இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நினைவு மண்டபத்துக்கு ஒதுக்க எண்ணியுள்ள நிதியைக் கொண்டு, நம் மாலைநேரப் படிப்பகத்தை ஒட்டி ஒரு பணிக்கூடம் அமைக்க வேண்டும். உறுதியான வேலைமேசைகள், இரும்பைப் பற்றும் பிடிகள், துளைக்கருவி, நுண்ணளவுக் கருவிகள், துல்லியமான தராசு, கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும்.

இதைக் கேட்டதும் தாய்மார் சிலர் முகம் வாடுவதைக் காண்கிறேன். "வாருபலகையைப் பிடித்த எங்கள் கை எங்களோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க வைத்தோம்? ஐயா மறுபடியும் சுத்தியலைக் கொடுக்கச் சொல்கிறாரே!" என்று நீங்கள் எண்ணலாம். அந்த அச்சம் நியாயமானது. 1953-இல் சென்னை மாநிலத்தில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்று. தந்தையின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் எந்த ஏற்பாட்டையும் நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

நான் கேட்கும் பணிக்கூடம் அதற்கு நேர் எதிரானது. அங்கே பள்ளி நேரத்தில் ஒரு மணித்துளியும் குறையாது. எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலுக்கும் முன்கூட்டியே குறிக்கப்படாது. பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் சம இடம் உண்டு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பாத்தியில் நிற்கும் நீர் எப்போது உப்பாக இறங்கும் என்பது உங்களுக்கு நிறம் பார்த்தே தெரியும். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 டிகிரி போமே அளவை அடையும்போது உப்பு படியும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கண்ணும் அந்தப் புத்தகமும் இதுவரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை. பணிக்கூடத்தில் உங்கள் மகள் அடர்த்திமானியைப் பிடித்து அளக்கட்டும். அருகில் நின்று நீங்கள் சொல்லுங்கள். அன்று அவளுக்கு வேதியியல் விளங்கும். உங்கள் அறிவும் அறிவுதான் என்பது அவளுக்குத் தெரியவரும்.

நாம் விமானம் கட்டப்போகிறோம் என்று நான் சொல்லவில்லை. மூங்கிலும் காகிதமும் கொண்டு சிறு மிதவை விமானம் செய்து, எடையின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, கணக்குப்படி அது மிதக்கிறதா என்று பார்ப்பதோடு தொடங்குவோம். விழுந்தால் ஏன் விழுந்தது என்று ஏட்டில் எழுதச் சொல்வோம். அந்த ஏட்டிலிருந்து ஒரு பொறியாளரும், ஒரு நல்ல மெக்கானிக்கும், ஒருவேளை ஒரு விமானியும் வரக்கூடும்.

இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்தது. அந்தக் கடமை இன்னும் முடியவில்லை, தொடர்ந்து நடக்கட்டும். அதன் பக்கத்தில் பணிக்கூடமும் எழட்டும் என்னும் இத்தீர்மானத்தைப் பொதுக்குழு ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.