பாரியை இழந்த கபிலரும் கொங்கு நாடும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



விமானத்தின்மேல் புதுக்கலசம் ஏறி, வேள்விச்சாலையின் புனிதநீர் அதன்மேல் சொரியப்பெறும் நன்னாளில், மறைந்துபோன நண்பன் ஒருவனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் ஐயுறலாம். திருக்கோயில்களின் படிக்கற்களையும் குத்துவிளக்குகளையும் சற்றே குனிந்து பார்த்தவர்களுக்கு அவ்வையம் எழாது. தந்தையார் நினைவாக, தாயார் நினைவாக, உடன் பயின்ற நண்பர் நினைவாக என்று அவற்றில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். போனவர் பெயரால் இருப்பவர் ஈவது இந்நாட்டின் பழவழக்கு. அவ்வழக்கின் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. மறைந்தவனை நினைப்பது வேறு. மறைந்தவன் பெயரைக் கொண்டு தனக்கொன்று தேடிக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த புலவர் ஒருவர் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டை ஆண்ட சேரர் குடியின் அவையில் வந்து நின்றார். அவர்தாம் கபிலர்.

நட்பு என்றவுடன் கொங்குநாட்டுச் சைவர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அவர்தம் தோழராகிய சேரமான் பெருமாளுமே ஆவர். அது முறையே. சேரமான் அளித்த பெரும்பொருளோடு மீண்டு வருகையில்தான் திருமுருகன்பூண்டியில் சுந்தரர் வழிப்பறிக்கு உள்ளானார். வேடர் வடிவில் வந்து பறித்தவை சிவபூதங்கள் என்பது பெரியபுராணம். மறுமுறை அத்தோழரைக் காணச் செல்லும் வழியில்தான், முதலை உண்ட பாலனை அவிநாசியில் மீட்டளித்தார். கொங்கேழ் தலங்களுள் இரண்டின் பெருங்கதைகள் ஒரு நண்பனைக் காணச் சென்ற வழியிலும், கண்டு மீண்ட வழியிலுமே நிகழ்ந்துள்ளன. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளையானையின்மீது கயிலைக்கு எழுந்தருளியபோது, சேரமான் தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி அதன்மேல் ஏறிப் பின்தொடர்ந்தார். தோழரைப் பிரிய நேர்ந்த அக்கணமே பிரிவு முடிந்துவிட்டது.

எல்லார்க்கும் அத்தகைய குதிரை வாய்ப்பதில்லை. பின்தொடர விரும்பியும் தொடர இயலாது நின்றவர் கபிலர்.

பறம்பு மலையின் தலைவன் வேள் பாரி. இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என வழங்குவதும், திருஞானசம்பந்தர் திருக்கொடுங்குன்றம் எனப் பாடியதும் ஆகிய மலையே அப்பறம்பு என்பர். பாரிக்கு உரிய ஊர்கள் முந்நூறு. முந்நூறையும் இரவலர் பெற்றுக்கொண்டனர்; எஞ்சியவர் பாரியும் கபிலருமே என்று முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கிக் கபிலரே நகையாடுகிறார். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவர் உழாமலே விளையும் மலை அது. படைகொண்டு அதனைப் பெறல் அரிது, பாணராயும் விறலியராயும் ஆடிப்பாடி வருவீராயின் நாட்டையும் மலையையும் ஒருங்கே தருவான் என்கிறார். வாளுக்கு வணங்காதவன் யாழுக்கு வணங்குவான் என்று பகைவருக்கு அறிவுரை சொல்லும் துணிவு, நண்பனின் உள்ளத்தைத் தன் உள்ளமாக அறிந்த ஒருவனுக்கே வரும்.

பாரி மாய்ந்தான். அவனுடைய இரு மகளிரும் கபிலரின் பொறுப்பில் எஞ்சினர்.

அவர்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு நீங்கும்போது கபிலர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டிராவிடில், அவை எத்தனை பேர் கண்ணுக்கு எட்டியிருக்கும் என்பது எண்ணத்தக்கது. அழுது அரற்றும் ஓசை அப்பாடல்களில் மிகுதியில்லை. கண்ணில் பட்டவையே சொல்லப்படுகின்றன. மதுச்சாடியைத் திறந்தும் ஆட்டுக்கிடாயை வீழ்த்தியும் வேண்டியவர்க்கு வேண்டியாங்கு அளித்த மலையே, உன்னைத் தொழுது செல்கின்றோம் என்று அதனிடம் விடைபெறுகிறார். சிறிது தூரம் நடந்தபின் திரும்பிப் பார்க்கிறார். இங்கு நிற்போர்க்கும் அம்மலை தெரிகிறது, இன்னும் சற்றுத் தொலைவு போய் நிற்போர்க்கும் தெரியும் என்கிறார். கோவையிலிருந்து மேற்கு நோக்கி வெள்ளியங்கிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டு நீங்கினாலும் மலை உடன் வருவதுபோலத் தோன்றும். அதனை ஆண்டவன் மட்டும் வருவதில்லை.

மற்றொரு பாட்டில் ஒரு குளம் வருகிறது. எட்டாம் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம். காப்பார் இன்மையால் அதன் கரை உடைகின்றதே என்று வருந்துகிறார். ஏரியும் குளமும் எவ்வளவு கண்காணிப்பால் நிற்பவை என்பதை நொய்யல் கரை உழவர் நன்கறிவர். தலைவன் மறைந்ததன் அடையாளத்தைக் கபிலர் அரண்மனையிற் காணவில்லை. உடைந்த கரையிற் கண்டார்.

இனிக் கொங்கு நாட்டிற்கு வருவோம். சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திற்குத் தலைவன். அப்பத்தைப் பாடியவர் கபிலர். அவன் சேரர் குடியின் இரும்பொறைக் கிளையைச் சார்ந்தவன் என்றும், அக்கிளையினர் கருவூரை இருக்கையாகக் கொண்டு கொங்கை ஆண்டனர் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். சேரர் தலைநகராகிய வஞ்சி இக்கருவூரா, மேலைக் கடற்கரையிலுள்ளதா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடப்பது. விழாப்பந்தலில் அதனைத் தீர்க்க முற்படல் வேண்டா. கரூருக்கு அருகே புகழூரில், இன்று முருகப்பெருமான் கோயில்கொண்டு விளங்கும் ஆறுநாட்டார் மலையின் குகைத்தளத்தில், பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூவர் அதில் வரிசையாகக் குறிக்கப்பெறுகின்றனர். இளங்கடுங்கோ இளவரசனானபோது செங்காயபன் என்னும் சமணத் துறவிக்கு அறுத்துக் கொடுத்த கல்லிருக்கை அது. அம்மூவருள் முதல்வனே நம் வாழியாதன் என்பது அறிஞர் பலரின் துணிபு.

இவ்வேந்தன் அவைக்குக் கபிலர் வந்தார். வள்ளலை இழந்த புலவர் மற்றொரு வள்ளலை நாடுவது அக்கால உலகியல். ‘என்னைப் புரந்தவன் இறந்தான், இனி நீயே காத்தல் வேண்டும்’ என்று அவர் சொல்லியிருந்தால் குறை கூறுவார் யாரும் இரார். எந்த மன்னனின் நெஞ்சும் அச்சொல்லுக்கு உருகியிருக்கும். பாரியின் பெயர் அத்துணை விலைமதிப்புடையது.

கபிலர் அவ்வாறு சொல்லவில்லை. பதிற்றுப்பத்தின் அறுபத்தொன்றாம் பாட்டில் பாரியை அவர் நினைவுகூர்கிறார், மறைக்கவில்லை. அவன் மார்பிற் பூசிய சந்தனம் உலரும், அவன் ஈகையோ உலராது என்கிறார். அவன் போனபின் முழவில் அப்பிய மண் காய்ந்துவிட்டது என்கிறார். முழவின் கண்ணில் மார்ச்சனை பூசுவது ஒலி செம்மையாக எழுதற்பொருட்டு. முழவு நாள்தோறும் இயங்கும் வீட்டில் அது காய இடமில்லை. காய்ந்தது என்ற ஒரு சொல்லால், பாணர் வராத வீடும் இசை எழாத மாலையும் கண்முன் நிற்கின்றன. மீண்டு வாரா நெடுந்தொலைவுக்கு அவன் சென்றுவிட்டான் என்கிறார். அதன்பின்னர்தான் அவருடைய நெஞ்சின் நிமிர்வு வெளிப்படுகிறது. அவன் சென்றுவிட்டான், ஆகவே எனக்கு அளிப்பாயாக என்று இரந்து வந்தேன் அல்லேன். உன் புகழைக் குறைத்தோ கூட்டியோ சொல்லேன். கொடுத்ததற்காகப் பின்னர் வருந்தாதவன், கொடுக்குந்தோறும் அதற்காகத் தருக்கி மகிழாதவன், கொடுக்குந்தோறும் பெருவள்ளன்மையே உடையவன் என்று உன்னை உலகோர் கூறுகின்றனர். அந்நல்லிசை அழைத்துவர வந்தேன் என்கிறார்.

இப்பாட்டில் இரு பெருமைகள் ஒருங்கே காக்கப்பெறுகின்றன. இறந்த நண்பனின் பெயர் இரப்போர் கலம் ஆகவில்லை. இருக்கும் வேந்தன் மற்றொருவனுக்கு மாற்றாள் ஆகவில்லை. பாரிக்குரிய இடத்தைப் பாரிக்கே விட்டுவிட்டு, வாழியாதனுக்கு அவனுக்குரிய இடத்தைத் தருகிறார் கபிலர். துயரம் மிகுந்த நேரத்தில் இத்தகைய நேர்மையைக் காப்பது எளிதன்று. துயரமே சிலருக்கு உரிமைச்சீட்டாகிவிடுவதை உலகம் கண்டுள்ளது.

வேந்தனும் அதற்கேற்றவனே. மாயவண்ணனாகிய திருமாலை மனத்திற் கொண்டு, நெல்வளம் மிக்க ஓகந்தூரை அளித்தவன் என்று ஏழாம் பத்தின் பதிகம் அவனைக் கூறும். கபிலருக்கு அவன் நூறாயிரம் காணம் பொற்காசு ஈந்தான். அது சிறு கொடையாம்! பின்னர் நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று, தன் கண்ணுக்கு எட்டிய நாடெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்பது அப்பதிகத்தின் செய்தி. அக்குன்று, திருநணா எனப் பாடல்பெற்ற பவானியை ஒட்டிய மலையே என்று கருதும் அறிஞரும் உளர். காவிரியும் பவானியும் கூடும் அவ்விடத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால், அக்கொடையின் அளவு ஒருவாறு புலப்படும்.

ஒருநாள் அவ்வேந்தன் கபிலரின் கையைப் பற்றி, இஃது எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று வியந்தான். கபிலர் விடையிறுத்தார்: யானையை அங்குசத்தால் அடக்கியும், விரையும் குதிரையின் கடிவாளம் பிடித்தும், வில்லை வலித்தும், பரிசிலர்க்கு ஓயாது வழங்கியும் உன் கை வன்மையுற்றது, உன்னைப் பாடுவோர் கைகளோ இறைச்சியும் கறியும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியா, ஆதலின் மெல்லியவாயின. (சைவ மேடையாதலின் இறைச்சியை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்பாருக்கு, பழம்பாட்டைத் திருத்த எவர்க்கும் உரிமையில்லை என்பதே விடை.) தன்னைத் தானே எள்ளிக்கொள்ளும் இச்சிரிப்பைக் கேட்டு, பாரியை மறந்துவிட்டார் போலும் என்று எண்ணுதல் பிழை. சிரிக்கத் தெரிந்தவர் மறந்தவர் ஆகார். நண்பனை இழந்தபின்னும் பிறரோடு நகைத்துப் பேசி, அந்நகைக்காகத் தனிமையில் நாணியவர் இப்பந்தலிலும் இருக்கலாம்.

அவர் மறவாமைக்குச் சான்று பாரி மகளிரே. வேந்தர் வீடுதோறும் சென்று, விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும், இவர் பாரியின் மகளிர், இவரை மணந்துகொள்க என்று கபிலர் வேண்டினார். தனக்காக இரவாத வாய் அவர்களுக்காக இரந்தது. இருங்கோவேள் மதியாதபோது அவருக்குக் கடுஞ்சினம் மூண்டது. தந்தை மலையின் உச்சியில் நின்று, முற்றுகையிட்ட வேந்தரின் பொன்னணிக் குதிரைகளை எண்ணிய அப்பெண்கள், பின்னாளில் ஒரு சிற்றில்லின் அருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்புவண்டிகளை ஒன்று இரண்டு என எண்ணினர். அதைக் கண்ட கபிலர், என் வாழ்நாள் தேய்வதாக என்று நொந்தார். இறந்தவனைப் பற்றிய நூறு புகழ்மொழிகளைவிட அவன் விட்டுச்சென்ற மக்களைப் பற்றிய இவ்வொரு நோவு பெரிது.

பாரியின் பெயர் பின்னும் அழியவில்லை. பல நூற்றாண்டுகள் கழிந்தபின் திருப்புகலூரில் சுந்தரர் பாடுகையில், கொடாதவனைப் பாரியே என்று புகழ்ந்தாலும் கொடுப்பாரில்லை, ஆதலின் இறைவனையே பாடுங்கள் என்று புலவர்க்கு உரைத்தார். மனிதரைப் பாடவேண்டா என்னும் இடத்திலும் ஈகைக்கு அளவுகோலாகப் பாரியே நிற்கிறான். செங்கல்லைப் பொன்னாகப் பெற்ற அத்தலத்தில் தம்பிரான் தோழர் நாவில் அவன் பெயர் ஏறியதற்குக் கபிலரின் பாட்டே வித்து.

தம் கடன் முடிந்தபின் கபிலர் வடக்கிருந்தார். அவர்தம் இறுதிப்பாட்டு பாரியோடு போடும் ஒரு பிணக்கு. கலந்து பழகிய நட்புக்கு நீ ஏற்றவனாக நடக்கவில்லை. இத்தனை ஆண்டு என்னைப் புரந்தும் உள்ளே என்னை வெறுத்தாய் போலும். உடன்வர விடாது ‘இங்கேயே இரு’ என்று சொல்லிச் சென்றாயே என்று கேட்கிறார். மற்றவர்முன் பாரியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதவர், பாரியிடம் மட்டும் இக்குறையைச் சொல்கிறார். பின்னர், இப்பிறப்பிற் போலவே மறுபிறப்பிலும் இடையறாத காட்சியோடு உன்னுடன் உறையுமாறு உயர்ந்த ஊழ் கூட்டுவதாக என்று முடிக்கிறார்.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. அவர் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுக் குறிப்பும், தீப்புகுந்தார் எனக் கல்லெழுத்தும் உரைக்கும். இராசராசன் அரசு கட்டிலேறியது 985ஆம் ஆண்டு. கபிலர் காலத்திற்கு எண்ணூறு ஆண்டுகளேனும் பிற்பட்டது. அவ்வளவு காலத்திற்குப் பின்னும், ஈசன் கோயிற் சுவரில், இரு நண்பர் கதைக்கு இடம் இருந்தது. தென்பெண்ணையின் நடுவே உள்ள பாறையைக் கபிலக்கல் என்று அக்கல்வெட்டுக் குறிக்கிறது. இன்றும் அப்பாறை அங்கு நிற்கிறது. வெள்ளம் வருங்காலத்து ஆறு அதன் இருபுறமும் பிரிந்து சென்று, கடந்தபின் மீண்டும் ஒன்றாகிறது.