தொண்டும் வெட்டியும்

(விவசாய சங்க ஊழியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூலி பெறாது செய்யும் பணிக்கு மதிப்பு உண்டா என்பது நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி. தொண்டு புனிதமானது, அதற்குக் கணக்குப் பார்ப்பதே பாவம் என்பார் ஒரு சாரார். சர்க்கார் செய்யவேண்டியதை ஏழையின் தலையிலே ஏற்றிவைக்கும் தந்திரத்துக்குத் தொண்டு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பார் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் சாராரை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். வரலாறு அவர்கள் பக்கத்தில் சாட்சி சொல்லுகிறது!

ஏரியும் குளமும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. கரையைக் காப்பதும், கால்வாயைத் தூர் எடுப்பதும், மதகைப் பழுது பார்ப்பதும் ஊராரே கூடிச் செய்த வேலைகள். குடிமராமத்து என்பது அதன் பெயர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் பிறந்த கட்டாய உழைப்புச் சட்டம் என்ன செய்தது? வழக்கமாகச் செய்துவந்த வேலைக்கு வராதவனிடம் பணம் பிடிக்க வழி வகுத்தது. நிலவரி வாங்கும் உரிமை சர்க்காருக்கு. வாய்க்காலில் இறங்கும் கடமை குடிகளுக்கு! அந்தக் குடிகளிலும் யார் இறங்கினார்கள்? பாசன நீரால் பயன் பெற்றவர் கரையில் நின்றார். ஒரு குழி நிலமும் இல்லாத சேரி மக்கள் சேற்றிலே நின்றார்கள். இதனைத் தொண்டு என்று எழுதிவைத்தால் சொல்லுக்கே மானக்கேடு. இதற்கு நம் மக்கள் வைத்த பெயர் வேறு — வெட்டி!

விடுதலைக்குப் பின்னராவது மாறிற்றா? 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. சிரமதானம் என்று அழைத்தார்கள். கூடை சுமந்தவன் நிலமற்றவன், போட்ட பாதையில் வண்டி ஓட்டிப் பயன் பெற்றவன் நிலமுள்ளவன் என்ற குறை அந்நாளிலேயே எழுந்தது. மக்களின் சொந்த முனைப்பைத் தட்டியெழுப்ப அத்திட்டம் தவறிவிட்டதென்று 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழுவும் எழுதியது. எங்ஙனம் எழும்பும்? முடிவெடுக்கும் இடத்தில் அமரவைக்காமல், மண் சுமக்கும் இடத்தில் மட்டும் நிற்கவைத்தால் முனைப்பு எங்கிருந்து வரும்? அதே ஏரியை, அதே மண்ணை வெட்டுவதற்கு, 2005-இல் வந்த வேலை உறுதிச் சட்டம் கூலியை உரிமையாக்கியது. வெட்டியிலிருந்து கூலிக்கு வந்து சேர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

அப்படியானால் தொண்டே வேண்டாமா? வேண்டும், தோழர்களே! எங்கே வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண உங்களைக் குஜராத்தின் கேடா மாவட்டத்துக்கு அழைத்துச் செல்லுகிறேன்.

1945-இல் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டம் வந்தது. கேடாவின் பாலை வாங்கி, பதப்படுத்தி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பும் ஏகபோகம் போல்சன் என்ற ஒரே கம்பெனிக்குக் கிடைத்தது. நகரத்தில் பாலுக்கு விலை உண்டு. கம்பெனிக்கு லாபம் உண்டு. எருமை வளர்த்தவனுக்கோ இடைத்தரகன் போட்டதே விலை. குடியானவர்கள் வல்லபாய் பட்டேலிடம் சென்று முறையிட்டார்கள். சொந்தக் கூட்டுறவு அமையுங்கள், மறுத்தால் பாலை நிறுத்துங்கள் என்றார் அவர். 1946 சனவரியில் சமர்க்கா என்ற சிற்றூரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் முடிவு எடுத்தார்கள். பதினைந்து நாட்கள் கம்பெனிக்கு ஒரு சொட்டுப் பாலும் கொடுக்கவில்லை! கறந்த பாலைக் கறந்தவனே விற்க மறுத்தால் அன்றைக்கே நட்டம். நெல்லைப்போல் பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது. அந்த நட்டத்தைப் பதினைந்து நாள் தாங்கிய குடும்பங்களின் மனத்திட்பத்தை எண்ணிப் பாருங்கள். சர்க்கார் இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14-ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. பால் திரட்டத் தொடங்கியபோது இருந்தவை இரண்டே சிற்றூர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர்.

ஊர் ஊராக நடந்து அந்தச் சங்கங்களைக் கட்டியவர் திரிபுவன்தாஸ் பட்டேல். விடுதலைப் போரில் சிறை சென்றவர். பின்னாளில் அமுல் என்ற பெயரால் உலகம் அறிந்த நிறுவனத்தின் முதல் தலைவர். அவர் பால் கறக்கவில்லை, இயந்திரம் ஓட்டவில்லை. இயந்திரம் ஓட்டக் கோழிக்கோட்டில் பிறந்த பொறியாளர் வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்த் நகருக்கு வந்து சேர்ந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஊர்ச் சங்கத்தின் செயலாளருக்கும், பாலின் கொழுப்பைச் சோதிப்பவருக்கும் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாதவர்கள் யார்? உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவினர். கணக்கைப் பார்ப்பது, அளவு சரியா என்று நிற்பது, எவர் பாலும் எவர் சாதியும் முன்னே போகாமல் வரிசையைக் காப்பது — இவை அவர்கள் பணி. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் காசு. அந்தக் காசில் ஒரு நாள் கை வைத்தாலும் மறுநாள் வரிசை கலைந்துவிடும்.

இங்கேதான் நான் சொல்லவந்தது இருக்கிறது. நாள்தோறும் உடலும் திறமையும் கேட்கும் வேலைக்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும். நம்பிக்கையைக் காக்கும் வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய இயலாது; செய்தால் அவன் கூலி கொடுப்பவனுக்கே கணக்குச் சொல்லுவான். தொண்டின் மதிப்பு அந்த இடத்தில் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் பதவி விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் என்று ஆறு லட்சம் திரட்டிக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு சிற்றூர்த் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் மருத்துவ உதவி செய்யும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய உழைப்புக்கு விலை போட்டவர்கள் அவருடைய உறுப்பினர்களே. போட்ட விலை ஒரு ரூபாய்! ஆனால் ஆறு லட்சம் பேர் போட்டார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சாணி அள்ளுவதும், தீனி வைப்பதும், கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். உறுப்பினர் பதிவேட்டில் இருந்த பெயரோ பெரும்பாலும் ஆணின் பெயர். இந்த வெட்டியைக் கேடாவும் எளிதில் ஒழிக்கவில்லை. நம் வீடுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை!

ஆனந்தின் பாதையில் 1981-இல் நமது மாநிலத்திலும் பால் உற்பத்தியாளர் இணையம் அமைந்தது. ஆனால் இங்கே 1976-இலேயே கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுத்த குழுக்களைக் கலைத்துவிட்டார்கள். நெடுங்காலம் தனி அலுவலர்கள் ஆட்சி செய்தார்கள். கட்டடம் இருந்தது, பதிவேடு இருந்தது, சம்பளம் வாங்குபவர் இருந்தனர். கேள்வி கேட்க ஊரான் ஒருவன் மேசைக்கு அந்தப்புறம் இல்லை. ஊதியமற்ற அந்தக் குழுவின் விலை என்னவென்று அது இல்லாத ஆண்டுகள்தான் கற்றுத்தந்தன.

ஆகவே தோழர்களே, நம் சங்கங்களில் மூன்று காரியங்களை இம்மாதமே செய்யுங்கள். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் தோழியரைப் பகல் வேலைக்கு இனாமாக அழைக்காதீர்கள். அவர்களுடைய ஒரு நாள் என்பது அவர்கள் வீட்டு உலை. அலுவலகத்தில் எழுதும் இளைஞனுக்குச் சங்கம் பாக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு, பிறகு தியாகத்தைப் பற்றி அவனுக்கு எடுத்துரையுங்கள். வரவு செலவைத் தலைவர் வீட்டுத் திண்ணையில் அல்ல, கூலிக்காரர் குடியிருக்கும் தெருவில், அவர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், உரக்கப் படியுங்கள். எழுத்தறிந்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்று ரசீதைச் சரிபார்க்கட்டும். எவராவது குறுக்கிட்டுக் கேட்டால், படிப்பதை நிறுத்தி அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.